சக்கரம் பெரிதாகிறது: 32 அங்குலம் உங்களுக்கு வேண்டுமா? அளந்து முடிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

26 என்று அச்சிட்ட டயரை 26 என்று ஒட்டியிருந்த ரிம்மில் மாட்ட ஒரு மதியம் முழுக்கப் போராடியிருக்கிறேன். சோப்பு நீர் தடவினேன், வெயிலில் காயவைத்தேன், இரண்டு டயர் லீவர்களை உடைத்தேன். கடைசிக் கையகலம் மட்டும் ரிம்முக்குள் இறங்கவே இல்லை. மாலையில்தான் டயரின் பக்கச்சுவரில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: 559. ரிம்மில் 571. இரண்டுமே 26 அங்குலம்தான். நடுவில் இருந்த வித்தியாசம் வெறும் 12 மி.மீ.; லீவர்களின் உயிரை வாங்கியது அதுதான்.

பெரிய சக்கரம் பற்றிய இன்றைய வாதத்தில் பாதி இந்த 12 மி.மீ. வகைக் குழப்பம்; பெயரை அளவு என்று நம்பிப் பேசுவது. 2025இல் 32 அங்குல மலைச் சைக்கிள் பேச்சு சூடு பிடித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் 750டி என்று ஒரு புதிய அளவு வந்தது. ஒரு சாரார் இதுதான் எதிர்காலம் என்கிறார்கள். இன்னொரு சாரார், நம் பையைக் காலி செய்யும் தந்திரம் என்கிறார்கள். இரண்டு கட்சியிலும் சேராமல், ஒரு அளவுநாடா, ஒரு சுண்ணக்கட்டி, கொஞ்சம் கணக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு நீங்களே முடிவுக்கு வரும் வழி இது.

படி 1: பெயரை விட்டுவிட்டுப் பக்கச்சுவரைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 29 x 2.4 என்றோ 700 x 28சி என்றோ இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். அருகிலேயே சின்ன எழுத்தில் 61-622, 28-622 என்பதுபோல் இரண்டு எண்கள் சிறு கோட்டால் இணைந்திருக்கும். முதல் எண் காற்றடித்த டயரின் அகலம். இரண்டாவது, டயரின் ஓரக் கம்பி ரிம்மில் போய் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டும் மி.மீ. கணக்கு. ஐரோப்பிய டயர், ரிம் தொழில்நுட்ப அமைப்பான இ.டி.ஆர்.டி.ஓ. வகுத்த முறை இது, ஐ.எஸ்.ஓ. 5775 தரமும் இதையே பின்பற்றுகிறது. இரண்டாவது எண் ஒத்துப்போகாவிட்டால் அந்த டயர் அந்த ரிம்முக்கு இல்லை. பேரம் பேச இடமே கிடையாது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். பந்தயச் சைக்கிளின் 700சி என்பது 622. மலைச் சைக்கிளின் 29 அங்குலமும் அதே 622. ஆனால் பழைய சாலைச் சைக்கிள்களின் 27 அங்குலம் 630. அதாவது 29ஐவிட 27 பெரியது. பழைய கனத்த ரோட்ஸ்டர் சைக்கிள்களின் 28 x 1½ இன்னும் பெரியது, 635. மலைச் சைக்கிளின் 26 அங்குலம் 559. 27.5 என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்ட 650பி 584. பெயரைப் பார்த்தால் 26க்கும் 29க்கும் சரி நடுவில் இருக்க வேண்டிய அளவு அது. உண்மையில் 559இலிருந்து 25 மி.மீ. தூரத்திலும் 622இலிருந்து 38 மி.மீ. தூரத்திலும் இருக்கிறது, 26இன் பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் பழைய முறையில் 650, 700 என்பவை டயரோடு சேர்த்த வெளிவிட்டத்தைக் குறித்தன. பின்னால் வரும் எழுத்து டயர் எவ்வளவு தடிமன் என்று சொன்னது. டயர் தடித்தால் ரிம் சிறுக்க வேண்டும், அப்போதுதான் வெளிவிட்டம் மாறாது. அதனால்தான் 650ஏ 590, 650பி 584, 650சி 571. காலப்போக்கில் அந்தத் தடிமன்கள் மறைந்து, எழுத்துகள் மட்டும் பொருளிழந்து ஒட்டிக்கொண்டன.

புதியவர்கள் இருவரையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்: 750டி என்பது 660, 32 அங்குலம் என்பது 686. உயரமானவர்களின் சைக்கிள்களிலும் ஒற்றைச் சக்கர வண்டிகளிலும் ஓடும் 36 அங்குலம் 787.

படி 2: உண்மையான உயரத்தை அளந்து கொள்ளுங்கள்

ரிம்மின் எண் பாதிக் கதைதான். தரையைத் தொடுவது டயர். டயரின் உயரம் ஏறக்குறைய அதன் அகலத்துக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், வெளிவிட்டம் = ரிம் எண் + இரண்டு மடங்கு அகலம்.

60 மி.மீ. டயரை எல்லா ரிம்மிலும் மாட்டிப் பாருங்கள்: 26 அங்குலம் 679 மி.மீ., 27.5 704 மி.மீ., 29 742 மி.மீ., 32 806 மி.மீ. இந்த நான்கு எண்களும் கடைசிவரை நமக்கு வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு. கையில் இருக்கும் சைக்கிளுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. சமதரையில் முன்சக்கரத்தின் வால்வைக் கீழே நேராக நிறுத்தி, அது நிற்கும் இடத்தில் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்து, உங்கள் எடை டயரை அமுக்கியபடி, வால்வு மறுபடி கீழே வரும்வரை உருட்டுங்கள். ஒரு துணை இருந்தால் இரண்டாம் கோட்டை அவர் போடட்டும். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை 3.1416ஆல் வகுத்தால், உங்களைச் சுமக்கும்போது அந்தச் சக்கரம் உண்மையில் எவ்வளவு பெரியது என்று தெரியும். டயர் அமுங்குவதால் ஏட்டுக் கணக்கைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும்.

அளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். 584 ரிம்மில் 47 மி.மீ. டயர் போட்டால் 678 மி.மீ. 622 ரிம்மில் 28 மி.மீ. போட்டாலும் அதே 678. ரிம் வேறு, பெயர் வேறு, உயரம் ஒன்று. "பெரிய சக்கரம்" என்று யாராவது வாதாட வந்தால், எந்த டயரோடு என்று முதலில் கேளுங்கள்.

படி 3: கல்லின் மேல் ஏற்றிப் பாருங்கள்

பெரிய சக்கரத்துக்கான வலுவான வாதம் இதுதான்: மேடுபள்ளத்தை அது எளிதாகக் கடக்கிறது. உண்மை. எவ்வளவு எளிதாக என்பதுதான் கேள்வி.

5 செ.மீ. உயரமுள்ள ஒரு கல்லில் சக்கரம் முட்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முட்டும் புள்ளி சக்கரத்தின் அடியிலிருந்து எத்தனை பாகை மேலே இருக்கிறதோ, அவ்வளவுக்கு மோதல் பின்னோக்கித் தள்ளும். மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால், 26இல் இந்தக் கோணம் ஏறக்குறைய 31.5 பாகை, 29இல் 30.1, 32இல் 28.9. நின்ற நிலையிலிருந்து அந்தக் கல்லின் மேல் ஏற்ற, சக்கரத்தின் மேல் இருக்கும் சுமையில் எத்தனை விழுக்காடு விசையைக் கிடைமட்டமாகக் கொடுக்க வேண்டும்? 26இல் 61, 29இல் 58, 32இல் 55.

26இலிருந்து 29க்குத் தாவியபோது கிடைத்த ஆதாயமும், 29இலிருந்து 32க்குத் தாவினால் கிடைக்கும் ஆதாயமும் ஏறக்குறைய ஒன்றுதான். சுமார் 5 விழுக்காடு. எனவே "29 தந்த மாற்றம் நிஜம், 32 வெறும் விளம்பரம்" என்பவர் கணக்குப் போடவில்லை. "32 எல்லாவற்றையும் தலைகீழாக்கும்" என்பவரும் போடவில்லை.

பள்ளத்துக்கும் இதே கதைதான். 20 செ.மீ. அகலக் குழியைக் கடக்கும்போது 29 அங்குலச் சக்கரம் 13.7 மி.மீ. கீழே இறங்கும், 32 அங்குலம் 12.6. ஒரு குழிக்கு ஒரு மி.மீ. அற்பமாகத் தோன்றும். ஆனால் கரடுமுரடான பாதையில் ஒரு மணி நேரத்தில் இப்படி ஆயிரக்கணக்கான குழிகள். மணிக்கட்டுக்குக் கணக்குத் தெரியும்.

பந்தயங்கள் என்ன சொல்கின்றன? 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் மலைச் சைக்கிள் பந்தயத்தில் யாரோஸ்லாவ் குல்காவி 29 அங்குலத்தில் தங்கம் வென்றார். 27.5இல் வந்த நீனோ ஷுர்ட்டர் ஒரே ஒரு நொடி பின்தங்கி வெள்ளி வாங்கினார். அந்த ஒரு நொடி சக்கரத்தாலா, காலாலா, கடைசி வளைவாலா? யாரும் சொல்ல முடியாது. ஆனால் 2016 ரியோவில் ஷுர்ட்டர் தங்கம் வென்றது 29இல். அளவு மெல்ல மெல்லத்தான் ஜெயிக்கிறது.

படி 4: எடைப் புளுகுகளைச் சலித்தெடுங்கள்

"பெரிய சக்கரம் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் ஆளைத் தானே இழுத்துக்கொண்டு போகும்" என்று கேட்டிருப்பீர்கள். சக்கரத்தின் எடை பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரே சாலை வேகத்தில், சுழற்சியில் சேரும் ஆற்றல் விளிம்பின் எடையைப் பொறுத்ததே தவிர விட்டத்தைப் பொறுத்ததல்ல. பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றுவதால் கணக்கு நேராகிவிடுகிறது. 686 ரிம் 622ஐவிட 10 விழுக்காடு நீளம். ஒரே மாதிரி ரிம், ஒரே மாதிரி டயர் என்றால் எடையும் அவ்வளவுதான் கூடும்; அந்தக் கூடுதல் எடைக்கு ஏற்ற அளவுக்குத்தான் முடுக்கமும் மந்தமாகும். இழுத்துக்கொண்டும் போகாது, கல்லைக் கட்டியதுபோலவும் இருக்காது.

திருப்பும்போதுதான் விட்டம் தன் வேலையைக் காட்டும். சுழலும் சக்கரம் தன் அச்சை மாற்ற மறுக்கும் பிடிவாதம், எடையும் ஆரமும் சேர்ந்து பெருகுவதால், சுமார் 20 விழுக்காடு கூடுகிறது. நேர்ப்பாதையில் இதை நிதானம் என்பார்கள். அடுத்தடுத்து வரும் குறுகலான வளைவுகளில் மந்தம் என்பார்கள்.

இன்னொன்று: ஸ்போக்குகள் நீள்கின்றன, அவை வந்து சேரும் நடு உருளையான ஹப்பின் அகலம் அப்படியே இருக்கிறது. உயரமான கூடாரத்தைக் குறுகிய முளைகளில் கட்டியது மாதிரி, பக்கவாட்டு உறுதி குறையும். 29 பரவியபோது இதே குறைக்காகத்தான் பின் ஹப் 142இலிருந்து 148 மி.மீ. ஆக அகன்றது. 32 அங்குலச் சைக்கிள் பார்க்கும்போது ஹப் அகலத்தையும் ஸ்போக் எண்ணிக்கையையும் கேளுங்கள். சின்னச் சக்கரத்தின் பழைய கணக்கிலேயே கட்டியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

படி 5: உங்கள் உயரத்தை எழுதுங்கள்

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். வாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

சட்டை வாங்கினால் அளவு பார்க்கிறோம். செருப்புக்குப் பார்க்கிறோம். ஃபிரேமுக்கும் பார்க்கிறோம். சக்கரத்தை மட்டும் 155 செ.மீ. ஆளுக்கும் 195 செ.மீ. ஆளுக்கும் ஒரே அளவில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஃபிரேமை வளைத்துச் சமாளிக்கிறார்கள். 1870களின் உயர்ந்த முன்சக்கரச் சைக்கிளில் இது தலைகீழ். பெடல் நேரே சக்கரத்தில் இருந்ததால், கால் எட்டும் அளவுக்குத்தான் சக்கரம். ஆளுக்கு ஆள் விட்டம் மாறும். 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர், செயின் வைத்து, சக்கரத்தைக் காலின் நீளத்திலிருந்து விடுவித்தது. அந்த விடுதலையோடு அளவெடுக்கும் பழக்கமும் போய்விட்டது.

ஒரு சின்ன விகிதக் கணக்கு. 165 செ.மீ. உயரமுள்ளவர் 27.5 அங்குலச் சைக்கிளில் (704 மி.மீ.) ஏறுகிறார். அதே விகிதம் 29 அங்குலத்தில் (742 மி.மீ.) யாருக்குக் கிடைக்கும்? 174 செ.மீ. உள்ளவருக்கு. 32 அங்குலத்தில் (806 மி.மீ.)? 189 செ.மீ. உள்ளவருக்கு. 190 செ.மீ.க்கு மேல் உள்ளவருக்கு 32 என்பது பிரம்மாண்டமே இல்லை. மற்றவர்கள் இத்தனை நாளாக அனுபவித்த சாதாரண விகிதம். அவர்கள் இந்த அளவை வரவேற்கும்போது "விளம்பரத்துக்கு மயங்கியவர்கள்" என்று சொல்வது நியாயமில்லை.

மறுபக்கமும் அதே கறாரோடு பார்க்க வேண்டும். 29இலிருந்து 32க்குப் போனால் அச்சு 32 மி.மீ. மேலே ஏறுகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அவ்வளவு நீள வேண்டும், ஹேண்டில்பாரும் அவ்வளவு உயரும். 165 செ.மீ. ஆளுக்கு ஹேண்டில்பாரை மறுபடி கீழே இறக்க வழியிருக்காது. மெதுவாகத் திரும்பும்போது பெடலில் இருக்கும் கால்விரல் முன்டயரில் இடிக்கலாம். செங்குத்தான இறக்கத்தில் இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளும்போது பின்டயர் பின்புறத்தை உரசும். ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார். முன்னால் பெரியது, பின்னால் சிறியது என்று கலந்து கட்டும் சைக்கிள்கள் பிரபலமாக இதுவும் ஒரு காரணம். 2019 முதல் உலகக்கோப்பைப் பந்தயங்களிலும் அந்தக் கலவைக்கு இடம் உண்டு.

என் அளவுகோல் இது: 175க்குக் கீழே என்றால் 32ஐ மறந்துவிடுங்கள். 175 முதல் 185 வரை என்றால் ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 185க்கு மேல் என்றால் மேலே படியுங்கள்.

படி 6: ஃபோர்க்கின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

சைக்கிள் தானாக நேரே ஓட முயல்வதற்கு ஒரு முக்கியக் காரணம், ஹேண்டிலோடு ஃபோர்க் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அந்தக் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கு, டயர் தரையைத் தொடும் புள்ளி சற்றுப் பின்னால் இருப்பது. இந்தப் பின்தங்கலை டிரெயில் என்பார்கள். சக்கரம் பெரிதானால் இது கூடும். அந்தக் கோடு தரையோடு சாயும் கோணம் (ஹேண்டில் கோணம்) 67 பாகை, அந்தக் கோட்டுக்குச் சக்கர அச்சு முன்னால் இருக்கும் தூரம் (ஃபோர்க்கின் முன்தள்ளல்) 44 மி.மீ. என்றால் 29இல் டிரெயில் சுமார் 110 மி.மீ.; அதே கோணம், அதே முன்தள்ளலில் 32இல் 123. பழைய உணர்வு திரும்ப வேண்டுமானால் முன்தள்ளலை 56 மி.மீ. வரை கூட்ட வேண்டும். விவரப் பட்டியலில் இந்த எண் இல்லையென்றால் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் சக்கரம் மட்டும்தான் புதிதாக இருக்கிறது என்று பொருள்.

படி 7: கியரைத் திருத்துங்கள்

சக்கரம் வளர்ந்தால் ஒவ்வொரு கியரும் கனக்கும். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் இருக்கும் 29 அங்குலச் சைக்கிளில் மிக எளிதான கியர், பழைய அங்குலக் கணக்கில் (முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் பெருக்குவது) 18.3. சக்கரத்தை மட்டும் 32 அங்குலம் ஆக்கினால் 19.9. செங்குத்து ஏற்றத்தின் கடைசி இருபது அடியில் இது தெரியும். முன் பல்சக்கரத்தை 30 பல்லாக மாற்றினால் 18.7, விவகாரம் தீர்ந்தது.

படி 8: அகலத்திலேயே வேலை முடியுமா என்று பாருங்கள்

புதிய ஃபிரேமுக்குப் பணம் எண்ணும் முன் இருக்கும் ஃபிரேமில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இரு பக்கமும் மேலேயும் 6 மி.மீ. விட்டுவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு அகலமான டயர் போடலாம். பலருக்கு வேண்டிய சொகுசு அங்கேயே கிடைத்துவிடும்.

ஆனால் அகலமான டயரில் பழைய காற்றழுத்தத்தை அடித்துவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். டயரின் உறை எவ்வளவு விறைக்கிறது என்பது அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கி வருவது. 25 மி.மீ. டயரில் 90 பி.எஸ்.ஐ. தரும் விறைப்பை 40 மி.மீ. டயர் 56 பி.எஸ்.ஐ.யிலேயே தந்துவிடும். அகலத்தைக் கூட்டும்போதெல்லாம் காற்றைக் குறைக்க வேண்டும். ரிம் கொக்கியில்லாத வகையாக (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் உள்வளைவு இல்லாததாக) இருந்தால் குறைப்பது கட்டாயம். அதற்கு உச்சவரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. அந்த ரிம்முக்கு அந்த டயர் ஏற்றதா என்பதையும் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

படி 9: சாலைப் பந்தயக்காரரா? இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்

சர்வதேசச் சைக்கிள் ஓட்டச் சங்கமான யூ.சி.ஐ.யின் விதிப்படி, சாலைப் பந்தயச் சக்கரம் டயரோடு சேர்த்து 55 செ.மீ.க்குக் குறையவும் 70 செ.மீ.க்கு மேற்படவும் கூடாது. 660 ரிம்மில் 20 மி.மீ. டயருக்கு மேல் போட முடியாது. 686இல் 7 மி.மீ.தான் மிஞ்சும். அது டயரில்லை, ரிப்பன்.

படி 10: இரண்டாவது டயரைத் தேடுங்கள்

"பையைக் காலி செய்யும் தந்திரம்" என்ற கட்சியின் கோபம் முழுக்க இங்கேதான் நியாயமாகிறது. எந்த அளவும் தகுதியால் மட்டும் அரியணை ஏறியதில்லை. 559ஐ மலைக்கு யாரும் ஆராய்ந்து தேர்ந்தெடுக்கவில்லை. 1933இல் ஷ்வின் நிறுவனம் அமெரிக்காவில் பரப்பிய தடித்த டயர்ச் சைக்கிள்களின் அளவு அது. 1970களில் கலிபோர்னியாவின் டமல்பாயஸ் மலையில் இறக்கத்தில் பாய்ந்தவர்களுக்கு மலிவாகக் கிடைத்தவை அந்தப் பழைய வண்டிகள். அளவும் கூடவே ஒட்டிக்கொண்டது. 622க்குத் திருப்பம் 1999இல் டபிள்யூ.டி.பி. நிறுவனத்தின் நானோராப்டர் என்ற தடித்த டயரால் வந்தது. ஃபிரேம் கட்டுவோர் அதற்கு முன்பே ஆசைப்பட்டார்கள். போடுவதற்கு டயர்தான் இல்லை. அந்த டயருக்குப் பிறகும் கடைகள் நிறைய ஆண்டுக் கணக்கானது. நிறைந்தபின் நல்ல 26 அங்குல டயர்கள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து இறங்கின. ஒரு குறையும் இல்லாத ஃபிரேம்கள் அநாதையாயின.

ஆகவே வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். 686 ரிம்முக்கான டயர், ரிம், ஸ்போக், ஃபோர்க் இவற்றை ஒரே நிறுவனம் மட்டும் விற்கிறதா, ஒன்றோடொன்று போட்டியிடும் மூன்று நிறுவனங்களாவது விற்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், அந்த நிறுவனம் மனம் மாறும் நாளில் உங்கள் சைக்கிள் சுவரில் தொங்கும். டியூபைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். அவசரத்துக்கு 29 அங்குல டியூபை இழுத்துப் போட்டு வீடு வந்து சேரலாம். டயருக்கு அந்த இரக்கம் கிடையாது, 12 மி.மீ.க்கு என் லீவர்கள் உடைந்ததைச் சொன்னேனே.

நிறுவனங்களின் எண்ணிக்கை மூன்றையாவது எட்டி, உயரமும் 185ஐத் தாண்டினால், கடன் வாங்கியாவது ஒரு 32 அங்குலச் சைக்கிளை உங்கள் வழக்கமான பாதையில், உங்கள் வழக்கமான காற்றழுத்த அளவோடு, அரை நாள் ஓட்டுங்கள். கடை வாசலில் இரண்டு சுற்று போதாது. அங்கே எல்லாச் சைக்கிளும் நன்றாகத்தான் ஓடும். மிகக் குறுகலான வளைவு எதுவோ அங்கே மூன்று முறை திரும்புங்கள். பிடித்துப்போய் வாங்கினால், அன்றைக்கே உதிரியாக இரண்டு டயர்களையும் ஒரு கைப்பிடி ஸ்போக்குகளையும் சேர்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.